சூபர்ஃப்ளுவஸ்: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பழகும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினான்கு பக்க அறிக்கை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மறுநாள் அது என் மேசைக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். அதன் முதல் ஐந்து எழுத்தைத்தான் நான் ஒழுங்காகப் படித்தேன்: சூப்பர். மிச்ச எழுத்துகள் 'ஃப்ளூயன்ட்' மாதிரி தெரிந்தன. 'சூப்பரான சரளம்' என்று நானே பொருள் செய்துகொண்டு, மதியச் சாப்பாடு வரை தரையில் கால் படாமல் திரிந்தேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பாராட்டு இல்லப்பா, அந்தப் பத்தியைத் தூக்கச் சொல்றார்" என்றார்.

அந்தச் சொல் சூபர்ஃப்ளுவஸ் (superfluous). தேவைக்கு மேல் நிற்பது, எடுத்துவிட்டாலும் குறை தெரியாதது என்று பொருள். அகராதியில் 'மிகையான', 'தேவையற்ற' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டை மட்டும் நம்பிப் போனால் நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு ரிடன்டன்ட், எக்ஸஸிவ், சர்ப்ளஸ், கிரட்யூயிட்டஸ் என்று அண்ணன் தம்பிகள் நிறைய. எல்லாவற்றுக்கும் நம் அகராதிகள் அதே 'மிகை'யைத்தான் கொடுக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வித்தியாசம் மறக்காது.

1. முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

நாம் 'சூப்பர்' என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. இந்தச் சொல்லில் அது இரண்டாவது அசைக்குப் போய்விடும். சூ-பர்-ஃப்ளு-வஸ். 'பர்' மேல் கொஞ்சம் ஏறி நின்று, மற்றதை வேகமாக உருட்டிவிடுங்கள். 'சூப்பர் ஃப்ளூயஸ்' என்று இரண்டாக வெட்டிச் சொன்னால் கேட்பவருக்குப் புரியும், ஆனால் ஒரு கணம் விழிப்பார். பெயர்ச்சொல்லாக்கும்போது அழுத்தம் இன்னும் ஓர் அசை தள்ளிப் போகிறது: சூபர்ஃப்ளூயிட்டி. இங்கே 'ஃப்ளூ' மேல் கனம்.

எழுதும்போது பதினொரு எழுத்து. 'யூ' மூன்று முறை வரும். 'எல்'லுக்குப் பிறகு வரும் 'யூ'வைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அது ஓடும் தண்ணீரின் 'ஃப்ளூ' என்று நினைவு வைத்துக்கொண்டால் விடாது. ஏன் தண்ணீர் என்கிறீர்களா? அடுத்த படிக்கு வாருங்கள்.

2. சொல்லை இரண்டாகப் பிளந்து பாருங்கள்

லத்தீனில் 'ஸூபர்' என்றால் மேலே. 'ஃப்ளுவரே' என்றால் ஓடுதல், பாய்தல். இரண்டும் சேர்ந்தால் மேலே பாய்தல், அதாவது நிரம்பி வழிதல். அதிலிருந்து பிறந்த உரிச்சொல் 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பெயர்ச்சொல் அதற்கும் முன்பே வந்தது. அந்தக் கால மருத்துவர்களுக்கு இது தொழில்சொல்லும்கூட. உடம்பில் நான்கு வகை நீர்கள் சமமாக இருக்க வேண்டும், ஒன்று பெருகி வழிந்தால் நோய் என்பது அவர்கள் கொள்கை. வழிந்ததை வெளியேற்றத்தான் ரத்தத்தைக்கூடத் திறந்துவிட்டார்கள்.

முதல் பாதியை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். நவம்பர் மழையில் செம்பரம்பாக்கம் ஏரி தன் 24 அடியை நெருங்கினால் நாளிதழ்கள் என்ன தலைப்பு போடும்? 'உபரி நீர் திறப்பு'. அந்த 'உபரி' வடமொழியின் 'உபரி', அதாவது மேலே. லத்தீனின் ஸூபர், கிரேக்கத்தின் ஹைபர், ஆங்கிலத்தின் ஓவர், வடமொழியின் உபரி ஆகிய நான்கும் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள் என்று மொழியியலார் காட்டுகிறார்கள். ஆகவே சூபர்ஃப்ளுவஸ் என்பதைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 'உபரி நீர்'தான். எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் மறந்ததே இல்லை.

இரண்டாவது பாதிக்குக் குடும்பம் பெரிது. தடையில்லாமல் பேசுகிறவர் ஃப்ளூயன்ட், பேச்சு ஓடுகிறது. அஃப்ளூயன்ட் என்றால் செல்வம் நம்மை நோக்கிப் பாய்கிறது. எஃப்ளூயன்ட் என்றால் வெளியே பாய்வது, அதாவது ஆலைக் கழிவுநீர், திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பவானி கூடுதுறை போல ஆறுகள் சேரும் இடம் கான்ஃப்ளூயன்ஸ். இன்ஃப்ளூயன்ஸ் என்பது உள்ளே பாய்வது. முதலில் அது நட்சத்திரங்களிலிருந்து மனிதர்களுக்குள் இறங்குவதாக நம்பப்பட்ட ஒரு சக்தியின் பெயர். கொள்ளை நோய்க்கும் அந்த நட்சத்திரப் பாய்ச்சல்தான் காரணம் என்று இத்தாலியில் நினைத்ததால் இன்ஃப்ளூயன்ஸா என்று பெயர் வைத்தார்கள். 1743-இல் ஐரோப்பாவில் அந்தக் காய்ச்சல் பரவியபோது சொல்லும் ஆங்கிலத்துக்குத் தொற்றிக்கொண்டது. இன்று நாம் 'ஃப்ளூ' என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓடுதலுக்கு 'ஃப்ளோ' என்ற சொல் உண்டல்லவா? பார்த்தால் ஃப்ளுவரேயின் தம்பி போலவே இருக்கும். ஆனால் உறவில்லை. தோற்றம் ஒத்துப்போனது தற்செயல். ஃப்ளோவின் உண்மையான சொந்தம் வடமொழியில் மிதத்தலைக் குறிக்கும் 'ப்லு' என்ற வேர். அறுபது ஆண்டுப் பட்டியலில் 'பிலவ' என்று ஒன்று வருகிறதே, 2021 சித்திரையில் பிறந்தது, அதற்கு ஓடம், மிதவை என்று பொருள். பஞ்சாங்கத்தில் இருக்கும் பிலவவும் ஆங்கிலத்தின் ஃப்ளோவும் பங்காளிகள், சூபர்ஃப்ளுவஸ் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இது தெரியாவிட்டாலும் சொல்லைப் பயன்படுத்தலாம். சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

3. ஏரிக்கரையில் நின்று பொருளைப் பாருங்கள்

எந்த ஏரிக்கும் கரையில் ஓரிடத்தில் கலங்கல் இருக்கும். தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் தானாக வெளியேறும். தெற்கே 'மறுகால் பாயுது' என்பார்கள், வடமாவட்டங்களில் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். பொதுப்பணித்துறைக் கோப்புகளில் அதற்குச் சர்ப்ளஸ் வியர் என்று பெயர்.

இப்போது யோசியுங்கள். வழிகிற அந்தத் தண்ணீர் ஏரிக்குள் இருக்கும் தண்ணீரைவிட மோசமானதா? இல்லை. இரண்டும் ஒரே மழை. கலங்கலின் மட்டம்தான் ஒன்றைச் சேமிப்பு என்றும் மற்றதை உபரி என்றும் பிரிக்கிறது. சூபர்ஃப்ளுவஸ் என்ற சொல்லின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. அது பொருளின் தரத்தைச் சொல்லவில்லை, அளவைக்கூடச் சொல்லவில்லை, தேவையின் மட்டத்தைச் சொல்கிறது. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ஒரு வரிகூடச் சூபர்ஃப்ளுவஸாக இல்லாமல் இருக்கலாம். இரண்டு வரிக் கடிதத்தில் இரண்டாவது வரி முழுக்க அப்படி இருக்கலாம்.

என் மேலாளர் வட்டமிட்ட பத்தியில் பிழை ஏதும் இல்லை. இலக்கணம் சரி, தகவல் சரி. அந்த அறிக்கைக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். 'நல்லாத்தானே எழுதியிருக்கேன், ஏன் தூக்கணும்?' என்று அன்று எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இந்த வித்தியாசம் புரியாததுதான்.

வழிதலை நாமும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தை முதல் நாள் பானையில் பால் பொங்கி வழிந்தால் குலவையிட்டுக் கொண்டாடுகிறோம். மறுநாள் காலை அதே அடுப்பில் பால் வழிந்தால் யார் அடுப்பைக் கவனிக்கவில்லை என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. லத்தீன் குடும்பத்திலும் இதே கதைதான். அஃப்ளூயன்ட் என்றால் மதிப்பு, சூபர்ஃப்ளுவஸ் என்றால் கழிவு.

4. 'எக்ஸஸ்' வேறு என்று பிரித்து வையுங்கள்

எக்ஸஸ் என்பதும் லத்தீன்தான், ஆனால் அதில் தண்ணீர் இல்லை, நடை இருக்கிறது. வெளியே அடி வைத்தல், எல்லை தாண்டுதல் என்பது மூலப் பொருள். அதனால் அதில் மீறலின் வாடை உண்டு. எக்ஸஸிவ் என்று சொன்னால் 'இது கூடாது, கெடுதல்' என்ற தொனி சேர்ந்து வரும்.

சாம்பாரில் உப்பு கூடினால் அது எக்ஸஸிவ். வாயில் வைக்க முடியாது. அதே சாம்பாரில் ஏற்கெனவே கொத்தமல்லித் தழை தூவியிருக்க, பரிமாறும்போது இன்னொரு பிடி தூவினால் அது சூபர்ஃப்ளுவஸ். யாருக்கும் கேடில்லை, யாருக்கும் வேண்டியதுமில்லை. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழிக்கு ஆங்கிலத்தில் சொல் தேடினால் எக்ஸஸ்தான் பொருந்தும். சூபர்ஃப்ளுவஸ் நஞ்சாகாது. சும்மா இருக்கும்.

5. முகம் ஒத்த சிலரைத் தள்ளி வையுங்கள்

இது சின்னப் படி. சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமான, மேற்பரப்பில் மட்டும் உள்ள என்று பொருள். முகம், பரப்பு என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. ஆராயாமல் எழுதிய கட்டுரை சூப்பர்ஃபிஷியல், ஆராய்ந்ததைத் தேவையில்லாத இடத்தில் கொட்டிய கட்டுரை சூபர்ஃப்ளுவஸ் விவரங்கள் நிறைந்தது. சூப்பர்சிலியஸ் என்பவர் புருவத்தை உயர்த்திப் பார்க்கும் கர்வி, அந்தச் சொல்லுக்குள் புருவமே இருக்கிறது. இவற்றில் எந்த 'சூப்பர்'உம் நம் ஊர்ச் 'சூப்பர்' இல்லை.

6. ரிடன்டன்டோடு கொஞ்ச நேரம் செலவழியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே இந்தப் படி நீளும்.

ரிடன்டன்டும் தண்ணீர்ச் சொல்தான். லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அலை திரும்பத் திரும்ப எழுந்து கரை மேல் புரள்வதுதான் மூலப் படம். வெள்ளக்காடாவதைச் சொல்லும் இனண்டேட், நிறைந்து கிடப்பதைச் சொல்லும் அபண்டன்ட் எல்லாம் அந்த அலையின் பிள்ளைகள். ஆச்சரியமான ஒரு பிள்ளை சரவுண்ட். இன்று அதற்குச் சூழ்ந்திருத்தல் என்று பொருள். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் அது 'மேலே அலை புரள்தல்', வெள்ளம் மூடுதல். உள்ளே வட்டத்தைக் குறிக்கும் 'ரவுண்ட்' இருப்பதாக மக்கள் நினைத்துக்கொண்டதால் பொருளே வட்டமடித்துத் திரும்பிவிட்டது.

சூபர்ஃப்ளுவஸில் ஒருமுறை வழிகிறது. ரிடன்டன்டில் அலை மறுபடியும் வருகிறது. வந்ததே வருவது, சொன்னதையே சொல்வது, ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவரும் செய்வது. இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்தது. ஒன்றைச் சூபர்ஃப்ளுவஸ் என்று சொல்ல, அதைப் போல இன்னொன்று இருக்க வேண்டியதில்லை. ரிடன்டன்ட் என்றால் பெரும்பாலும் அதே வேலைக்கு இன்னொன்று ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் இங்கிலாந்துக் கதை. அங்கே வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். குரலே சரியில்லை. "மச்சான், பத்து வருஷம் உழைச்சேன், என்னைத் தேவையில்லாதவன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றான். கடிதத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் இருந்தது 'ரிடன்டன்ட்'. அவன் மனசுக்குள் அகராதியைப் புரட்டி அதைத் தன் மேல் போட்டுக்கொண்டான்.

பிரிட்டனில் அது சட்டச் சொல். 1965-இல் இதற்கென்றே ஒரு இழப்பீட்டுச் சட்டம் வந்தது, இப்போது 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்துக்குள் இருக்கிறது. குறிப்பிட்ட வகை வேலையைச் செய்ய நிறுவனத்துக்கு ஆட்கள் தேவைப்படுவது நின்றாலோ குறைந்தாலோ அது ரிடன்டன்சி. சட்டத்தின் கண்ணில் தேவையற்றுப் போனது பணியிடம்தான், ஆள் இல்லை. ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அனுப்புவதற்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. பொதுவாக இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சட்டப்படி தொகை உண்டு. 22 வயதுக்குக் கீழ் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22-இலிருந்து 40 வரை ஒரு வாரம், அதற்கு மேல் ஒன்றரை வாரம், அதிகபட்சம் 20 ஆண்டுக்குக் கணக்கு. நம்மிடம் இதற்கு 'ஆட்குறைப்பு' என்ற சொல் இருக்கிறது. நான் அதைச் சொன்னதும் அவன் கொஞ்சம் சமாதானமானான். கடிதம் ஒன்றுதான், ஆனால் 'தேவையற்றவன்' என்று மொழிபெயர்த்தால் ஒரு மனிதன் தூங்க மாட்டான், 'ஆட்குறைப்பு' என்றால் மறுநாள் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பான்.

பொறியாளர்களிடம் போனால் இதே சொல் தலைகீழாக நிற்கும். சர்வர் அறையில் 'ரிடன்டன்சி இருக்கா?' என்று கேட்டால் அது பாதுகாப்பைப் பற்றிய கேள்வி. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பயம். ஒரு மின்னிணைப்பு போனால் இன்னொன்று, ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று. ரெய்டு (RAID) என்று சொல்கிறார்களே, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை, அதன் முதல் எழுத்தே ரிடன்டன்ட்தான். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட கட்டுரையில் வைத்த பெயர் அது. விமானத்தில் இரண்டாவது எஞ்சின் வீண் என்று யாராவது சொல்வார்களா?

மொழிக்குள்ளேயும் இந்த நல்ல மிகை இருக்கிறது. தகவல் கோட்பாட்டைத் தொடங்கி வைத்த கிளாட் ஷானன், 1948-இல் எழுதிய கட்டுரையில், சாதாரண ஆங்கில எழுத்தின் ரிடன்டன்சி சுமார் 50 சதவீதம் என்று கணக்கிட்டார். நாம் எழுதுவதில் ஏறக்குறைய பாதியை மொழியின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது, மீதிப் பாதியைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று அர்த்தம். 'வண_கம்', 'செ_னை' என்று எழுத்தை விழுங்கினாலும் உங்களால் படிக்க முடிகிறது அல்லவா? இரைச்சலான போன் இணைப்பில் பாதி வார்த்தை கேட்காமலேயே பேச்சு புரிவதும் இந்த உபரியால்தான். மிகையே இல்லாத மொழியில் ஒரு எழுத்து தவறினால் முழுச் செய்தியும் தவறிவிடும்.

ஆகவே ரிடன்டன்ட் என்ற சொல்லைக் கண்டால், எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள். மொழி ஆசிரியர் என்றால் குறை, மனிதவளத் துறை என்றால் வேலை போச்சு, பொறியாளர் என்றால் நிம்மதி. சூபர்ஃப்ளுவஸுக்கு இந்த மூன்று முகமும் கிடையாது. எந்தப் பொறியாளரும் தன் இரண்டாவது மின்னிணைப்பைச் சூபர்ஃப்ளுவஸ் என்று சொல்ல மாட்டார்.

7. மற்ற உறவினர்களுக்கு ஒரு வணக்கம்

சர்ப்ளஸ் என்பது 'மேலே கூடுதல்'. பட்ஜெட்டில் வந்தால் மகிழ்ச்சியான செய்தி. பிரிட்டிஷ் நாளிதழ்களின் கால்பந்துப் பக்கத்தில் ஒரு ஆட்டக்காரரைத் தேவைக்குச் சர்ப்ளஸ் என்று எழுதினால் அவர் வேறு அணி தேட வேண்டியதுதான்.

கிரட்யூயிட்டஸ் சுவாரசியமானது. மூலப் பொருள் இலவசமாகக் கொடுத்தது. வேலை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி, நம் பணிக்கொடை, அதே வேரிலிருந்து வந்ததுதான். யாரும் கேட்காமல் கொடுத்தது என்பது மெல்ல நகர்ந்து, காரணமே இல்லாமல் திணித்தது என்று ஆகிவிட்டது. படத்தில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் ரத்தம் தெறித்தால் விமர்சகர் இந்தச் சொல்லைத்தான் எடுப்பார். இங்கே சூபர்ஃப்ளுவஸ் என்றால் சப்பென்று இருக்கும். கிரட்யூயிட்டஸில் கண்டனம் இருக்கிறது.

ஓவர்கில் அணுகுண்டுக் காலத்துச் சரக்கு. ஒரு நாட்டை அழிக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு குண்டுகளை அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல 1950-களில் பரவியது. இன்று பிறந்தநாள் கேக்குக்கு மேல் பத்துப் பதினைந்து அலங்காரம் வைத்தாலும் அதே சொல்தான்.

8. எங்கே சொல்லலாம், எங்கே வேண்டாம்

எழுத்தில் சொல்லலாம், பேச்சில் கை கட்டிக்கொள்ளுங்கள். டீக்கடையிலோ அலுவலகச் சாப்பாட்டு மேசையிலோ 'இந்தச் சட்னி சூபர்ஃப்ளுவஸ்' என்றால் ஆங்கிலம் தெரிந்தவரும் சிரிப்பார். அங்கே 'எக்ஸ்ட்ரா', 'தேவையில்ல' போதும். அறிக்கை, திருத்தக் குறிப்பு, புத்தக விமர்சனம், நீதிமன்றத் தீர்ப்பு இவைதான் இதன் வீடு.

இந்தச் சொல்லோடு பழக்கமாகச் சேர்ந்து வருபவை சில: டீட்டெயில்ஸ், வேர்ட்ஸ், கமெண்ட்ஸ். பியூட்டி பார்லர் விளம்பரங்களில் வேண்டாத முடிக்கு 'சூபர்ஃப்ளுவஸ் ஹேர்' என்று ஒரு நாகரிகப் பெயர் உண்டு. ஒரு மனிதர் தன்னைப் பற்றியே சொல்லவும் பயன்படும். நண்பர் இருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் நாம் எதற்கு என்று தோன்றுமே, அந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் 'ஐ ஃபெல்ட் சூபர்ஃப்ளுவஸ்' என்பார்கள். இன்னொருவரை நேரே அப்படிச் சொல்லாதீர்கள், அவமரியாதை. முன்னால் 'வெரி' சேர்ப்பதும் அவ்வளவாக ஒட்டாது. வழிந்தது வழிந்ததுதான். 'டோட்டலி', 'லார்ஜ்லி' வரலாம்.

வழக்கறிஞர்கள் உலகில் இதற்குத் தனி மரியாதை. சட்டமன்றம் சொற்களை வீணாக்காது, ஆகவே சட்டத்தில் உள்ள எந்தச் சொல்லையும் சூபர்ஃப்ளுவஸ் என்று ஒதுக்கிவிட்டுப் பொருள் கொள்ளக் கூடாது என்பது ஒரு விதி. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நீதிபதிகள் இதை அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரே விஷயத்துக்கு மூன்று சொல் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

9. கழித்துப் பாருங்கள்

கடைசிப் படி பயிற்சி. ஒரு சொல்லையோ வரியையோ விரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது வழிந்த நீர்.

தமிழிலேயே தொடங்கலாம். 'கேட்டு வாசல்', 'நடு சென்டர்', 'சைடு பக்கம்'. கேட்டை மூடினால் வாசல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரிட்டர்ன் பேக்', 'ரிபீட் அகெய்ன்': திரும்புதல் 'ரி'யிலேயே அடங்கிவிட்டது. 'ஏடிஎம் மெஷின்' என்றால் கடைசி 'எம்'மே மெஷின்தான். இவை எல்லாம் ரிடன்டன்ட், ஏனென்றால் சொன்னதே திரும்ப வருகிறது. 'பின் நம்பர்' மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். 'என்' என்பதே நம்பர் என்றாலும், வெறும் 'பின்' என்றால் குண்டூசியா, ரகசிய எண்ணா என்று சந்தேகம் வரும். அங்கே உபரிக்கு ஒரு வேலை இருக்கிறது.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும்போது 'மிகைபடக் கூறல்' என்று ஒன்றையும் 'கூறியது கூறல்' என்று இன்னொன்றையும் தனித்தனியாகவே வைக்கிறது. முதலாவது சூபர்ஃப்ளுவஸ், இரண்டாவது ரிடன்டன்ட். ஆங்கில-தமிழ் அகராதி தொகுத்தவர்கள் இந்த இரண்டையும் கொஞ்சம் கவனித்திருந்தால் எனக்கு ஒரு படி மிச்சமாகியிருக்கும்.

அதே நன்னூல் இன்னொரு இடத்தில் 'ஒருபொருட்பன்மொழி'க்கு அனுமதியும் தருகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வந்தாலும், சிறப்பைக் காட்ட வந்தால் குற்றமில்லை. பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள் நினைவிருக்கிறதா? மீமிசை ஞாயிறு, உயர்ந்தோங்கிய மலை, நடுமையம். ஆமாம், நடுமையம். நாம் கிண்டலடிக்கும் 'நடு சென்டர்' அதன் கொள்ளுப்பேரன்தான். 'மேடையில நடு சென்டர்ல நின்னான்' என்று சொல்கிறவரிடம் விரலால் மூடும் சோதனையைக் கொண்டுபோனால், 'சென்டர்ல நின்னான்' என்பதில் அந்த நிமிர்வு குறைவதை அவர் உடனே காட்டிவிடுவார்.

இனி உங்களுக்கு ஒன்று. என் அறிக்கையில் வட்டமிட்ட பத்தியின் சாரம் இது: 'கிடங்கு ஆய்வுக்காகக் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டோம். திண்டிவனம் தாண்டி ஒரு கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். கடைக்காரர் கிடங்கில் முன்பு மூட்டை தூக்கியவர் என்று தெரிந்தது. பதினொரு மணிக்குக் கிடங்கை அடைந்தோம்.' இதில் எவை வழிகின்றன?

புறப்பட்ட நேரம் வேண்டாம். டீ நிச்சயம் வேண்டாம். போய்ச் சேர்ந்த நேரம், இருப்பைச் சரிபார்த்த பதிவோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும் இருக்கட்டும். மூட்டை தூக்கியவர்? கிடங்கில் சரக்கு குறைந்ததைப் பற்றிய அறிக்கை என்றால் அவர் சொன்னதுதான் முக்கியமான வரியாக இருந்திருக்கும். எங்களுடையது கூரை ஒழுகலைப் பற்றியது. ஆகவே அவரும் போனார்.

அந்தப் பத்தியை வெட்டினேன். அறிக்கை பதின்மூன்றரைப் பக்கமானது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் கலங்கலில் வழிந்த தண்ணீர் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகப் போகும் என்பது கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த டீக்கடைக்காரர் இத்தனை வருடம் கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். டீயில் சர்க்கரை அதிகம். அதை எக்ஸஸிவ் என்றுதான் சொல்ல வேண்டும்.